கத்தரீனாவின் அகலக் கால்களுக்கு ஒரு சோடிச் சப்பாத்து

கத்தரீனாவின் கால்கள் அகலமானவை. முன்பாதம் விரிந்து, ஐந்து விரல்களும் ஒன்றோடொன்று முட்டாமல் தனித்தனியாக நிற்கும். மன்னார்ப் பேசாலையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளை ‘வாத்துக்காலி’ என்று கூப்பிடுவார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அஞ்சலோட்டத்தில் கடைசிச் சுற்றை ஓடிப் பரிசு வாங்கித் தருகிறவளே அவள்தான். கலியாணத்தன்று மட்டும் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த வெள்ளைச் சப்பாத்துக்குள் கால் போகவில்லை. நீளப் பாவாடை மறைத்துவிடும் என்ற நம்பிக்கையில் வெறுங்காலோடு மாதா கோயிலுக்குள் நடந்து போனாள். பீடத்தின் முன் முழந்தாளிட்டபோது பின்னாலிருந்த ஊரே அவளுடைய இரண்டு உள்ளங்கால்களையும் பார்த்தது. அந்தக் கதையை மாப்பிள்ளை கிறிகோரி இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் எடுத்து விடுவார்.

இருவரும் இத்தாலியின் பலேர்மோ நகரத்துக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. கிறிகோரிக்குத் துறைமுகத்தில், நாப்போலிக்குப் போகும் கப்பலில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. மகள் மொனிகா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கத்தரீனா லிபெர்த்தா வீதியில் ஒரு பழைய மாடிவீட்டில் சிஞ்ஞோரா ஒர்தென்சியா என்ற இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். சிஞ்ஞோரா எண்பதைத் தாண்டியவர். கூர்மையான நாக்கு, நல்ல ஞாபகம், வீங்கிப்போன பாதங்கள். அவருடைய அலுமாரி நிறைய ஒடுக்கமான, குதி உயர்ந்த சப்பாத்துகள் இருந்தன. ஒன்றும் இப்போது காலுக்குள் போகாது. வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்குவது மரியாதை இல்லை என்பது அவருடைய கொள்கை. ஆகவே இரண்டு வருடங்களாக அவர் வாசற்படி தாண்டவில்லை.

கத்தரீனா மறுபடியும் ஓடத் தொடங்கியதற்குக் காரணம் வராமற்போன ஒரு பஸ். ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கும், நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு வழக்கம்போலத் தமிழ்ச் சனங்களோடு போயிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சிஞ்ஞோராவின் மருமகன் வருவதாக இருந்தது. அதற்குள் அவள் லிபெர்த்தாவுக்குப் போய்ச் சமைத்தாக வேண்டும். பஸ் வருகிற வழியைக் காணோம். காத்திருந்து காத்திருந்து பொறுமை போனவுடன், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மலையடிவாரத்துக்கு இறங்கும் பழைய கற்பாதையில் வேகமாக நடக்கத் தொடங்கினாள். ஒரு வளைவு தாண்டியதும் நடை ஓட்டமாகிவிட்டது. வழவழத்த கற்களில் அவளுடைய விரல்கள் தாமாகவே இடம் பார்த்து ஊன்றின. மூச்சு வாங்கியதே தவிர நிற்க மனம் வரவில்லை. கீழே கடல் பளபளத்தது. ஏறி வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் விலகி வழிவிட்டு, இந்த மனுசிக்கு என்ன ஆபத்தோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவளோ சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

அவள் வேர்த்து விறுவிறுத்து மாடிவீட்டு வாசலுக்கு வந்தபோது லில்லியான் குப்பைப் பையோடு வெளியே வந்தாள். லில்லியான் மொரீசியஸ்காரி, அதே கட்டடத்தில் கீழ்த்தளத்து வீட்டில் வேலை செய்பவள். அவளுடைய முப்பாட்டனார் தமிழர்தான். ஆனால் அவளுக்குத் தமிழில் தெரிந்தது முருகன் பாட்டு இரண்டும் ‘வா’, ‘போ’ என்ற சொற்களும் மட்டுமே. இருவரும் கதைப்பது இத்தாலிய மொழியில். நடந்ததைக் கேட்டு லில்லியான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, தான் சில பெண்களோடு சேர்ந்து விடியற்காலையில் பாவொரீத்தாப் பூங்காவில் ஓடுவதாகவும், அவர்கள் அந்த மலைப்பாதைகளிலும் ஏறி இறங்குவதாகவும் சொன்னாள். புதன்கிழமை வரச் சொன்னாள். வெறுங்காலோடு மட்டும் வரவேண்டாம், பாதையெல்லாம் கண்ணாடித்துண்டு என்றாள்.

அங்கேதான் சப்பாத்துப் பிரச்சினை ஆரம்பித்தது.

முதலில் மொனிகாவின் பழைய சப்பாத்தைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு புதன்கிழமைகளில் இரண்டு சின்னி விரல் நகங்களும் கறுத்துவிட்டன. மூன்றாவது முறை வீட்டுக்கு வந்து சொக்ஸைக் கழற்றியபோது ஒரு நகம் அதோடேயே வந்துவிட்டது. மொனிகா அதைப் பார்த்து முகத்தைச் சுளித்து, “மம்மா, இது கால் இல்லை, நீங்கள் காலுக்குச் செய்யிற தண்டனை. ஒரு நல்ல சப்பாத்து வாங்குங்கோ, பெர் ஃபவோரே” என்று இத்தாலிய மொழியில் கெஞ்சி முடித்தாள்.

கத்தரீனா தனக்கென்று கடையேறி ஒரு நல்ல சப்பாத்து வாங்கியதே இல்லை. பெண்கள் பக்கத்தில் எதுவும் நுழையாது என்பது தெரிந்த விஷயம். அதனால் சந்தையில் கிடைக்கும் ஆண்கள் செருப்பையும் சப்பாத்தையும் வாங்கிப் போட்டுக் காலத்தைக் கடத்தியிருந்தாள். இந்த முறை துணிந்து பெரிய கடையொன்றுக்குப் போனாள். அங்கே நின்ற பையன் அவளுடைய காலைப் பார்க்கக்கூட இல்லை. கையடக்கத் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, இறுக்கமாக இருந்தால் ஒரு இலக்கம் கூட்டி எடுங்கள் என்றான். அவள் ஒன்று கூட்டினாள், பிறகு இன்னுமொன்று கூட்டினாள். ஒருவழியாக முன்பக்கம் விரல்களுக்கு நிம்மதி கிடைத்தது.

நிம்மதி ஏறும்போது மட்டும்தான். இறங்கும்போது அந்த நீளச் சப்பாத்துக்குள் கால் முன்னுக்கும் பின்னுக்குமாக வழுக்கி, விரல் நுனிகள் சுவரில் மோதுவதுபோல மோதின. பாவொரீத்தாப் பக்கமாக இறங்கும் ஒரு செங்குத்தான பாதையை எல்லோரும் ‘பன்றிப் பள்ளம்’ என்பார்கள். அங்கே சப்பாத்தின் நீண்ட மூக்கு ஒரு வேரில் மாட்டிக்கொள்ள, கத்தரீனா குப்புற விழுந்தாள். முழங்கால் கிழிந்தது, உள்ளங்கை தோலுரிந்தது. நொண்டிக்கொண்டு வீடு வந்தவளுக்குக் கிறிகோரி மருந்து போட்டுவிட்டார். காயத்தைத் துடைத்தபடியே சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இஞ்சாரும், உம்மடை கால் நீளமில்லை, அகலம். அகலம் கூடின பெட்டிக்கு நீளமான லொறி கொண்டுவந்து என்ன பிரயோசனம்?” என்றார்.

“நான் என்ன செய்யிறது? அகலத்துக்கு இலக்கம் இல்லையே.”

“இருக்கும். ஒருத்தரும் உமக்குச் சொல்லேல்லை.”

அடுத்ததாகக் கிறிகோரியே சந்தைக்குப் போய், ஆண்களுக்கான மெத்தென்ற ஒரு சப்பாத்தை வாங்கி வந்தார். நல்ல அகலம். அடிப்பக்கம் பஞ்சுபோல. கால் உள்ளே போனதும் கத்தரீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சுகம். ஆனால் அது தார்ச்சாலைக்கான சப்பாத்து. மலையில் ஈரக் கல்லில் வைத்ததும் சவர்க்காரத்தில் வைத்த மாதிரி ஓடியது. எல்லாப் பக்கமும் அகலமாக இருந்ததால் குதிக்கால் வேறு உள்ளே நின்று ஆடியது. லில்லியான் அவளுடைய கையைப் பிடித்து இறக்கவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்தச் சப்பாத்தை வேலை வீட்டில் வைத்து, கடைக்குப் போய் வருவதற்கு மட்டும் போட்டாள்.

சிஞ்ஞோராவுக்கு முதலில் இந்த ஓட்டக் கதையே பிடிக்கவில்லை. வாய்க்குள் பற்களெல்லாம் இருக்கிற வயதில் ஒரு பெண் எதற்காக ஆடு மாதிரி மலையில் ஓடவேண்டும் என்று கேட்டார். வாசலில் கிடந்த சப்பாத்தைக் கொத்தனாருடையது என்று பரிகசித்தார். ஆனாலும் ஒவ்வொரு புதன்கிழமையும் கத்தரீனா வந்தவுடன், அன்றைக்கு யார் விழுந்தார்கள், யார் முந்தினார்கள் என்று விசாரிக்காமல் விடமாட்டார்.

தை மாதத்தில் ஒருநாள் கத்தரீனா மருந்துக்கடைக்குச் செருப்போடேயே போய்த் திரும்பிவந்தபோது, சிஞ்ஞோரா முன்னறை நாற்காலியில் கோட்டும் முத்துமாலையும் அணிந்து உட்கார்ந்திருந்தார். காலில் அந்தக் கொத்தனார் சப்பாத்து. லேஸ் கட்டப்படாமல் இரண்டு பக்கமும் தொங்கியது. குனிய முடியாமல் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது கலைந்த தலையைப் பார்த்தாலே தெரிந்தது.

“பார்த்துக்கொண்டு நிற்காதே, காத்தெரீனா. வந்து கட்டிவிடு” என்றார்.

கத்தரீனா தரையில் உட்கார்ந்து, வீங்கிய புறங்காலில் அழுத்தாமல் இளக்கிக் கட்டிவிட்டாள். கையைப் பிடித்து எழுப்பினாள். சிஞ்ஞோரா இரண்டடி வைத்தார், நின்றார், கீழே பார்த்தார். பார்ப்பதற்கு அசிங்கம்தான் என்றார். பிறகு கதவைத் திறக்கச் சொன்னார். மின்தூக்கியில் இறங்கி, வீதியோரத்து மரநிழலில் மெல்ல மெல்ல நடந்து, மூலையிலிருந்த காப்பிக்கடைவரை போனார்கள். கடைக்காரர் சிஞ்ஞோராவைக் கண்டதும் கையிலிருந்த குவளையை வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார்; இவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே அவர் நினைத்திருந்தாராம். சிஞ்ஞோரா வெளியே மேசையில் உட்கார்ந்து, சப்பாத்தை மறைக்காமல் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, பாதாம் கிரனீத்தா என்ற பனிக்கூழும் பிரியோஷ் ரொட்டியும் கொண்டுவரச் சொன்னார். தையில் யாராவது கிரனீத்தா சாப்பிடுவார்களா என்று கத்தரீனா கேட்டதற்கு, இரண்டு கோடைகாலப் பாக்கி இருக்கிறது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அது சிஞ்ஞோராவின் சப்பாத்து.

இதற்கிடையில் லில்லியான், பங்குனியில் மலையில் நடக்கவிருந்த ஒரு ஓட்டப்போட்டிக்குத் தன் பெயரையும் கத்தரீனாவின் பெயரையும் பதிந்துவிட்டாள். கேட்டால் மறுப்பாள் என்று கேட்காமலே பதிந்தாள். கத்தரீனா முடியாதென்று கையை விரித்தாள். மலைக்கேற்ற சப்பாத்து இல்லை, பன்றிப் பள்ளத்தில் விழுந்த பயமும் போகவில்லை. லில்லியான் அசரவில்லை. தன்னோடு ஓடும் பெண்ணொருத்தி, மலையோட்டக்காரர்களுக்கென்றே இருக்கும் சின்னக் கடையொன்றைச் சொல்லியிருந்தாள். வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில்தான் வரவேண்டும், ஓடும்போது போடும் சொக்ஸையும் கொண்டுவரவேண்டும் என்பது அந்தக் கடைக்காரியின் கட்டளையாம்.

கடைக்காரியின் பெயர் தொனத்தெல்லா. வெயிலில் கறுத்த, கட்டைத் தலைமயிர்க்காரி. அவள் சப்பாத்து எதையும் காட்டாமல் முதலில் கத்தரீனாவை ஒரு வெள்ளைத்தாளில் வெறுங்காலோடு நிற்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தாள். படத்தை எட்டவைத்துப் பார்த்தாள். நல்ல கால் என்றாள். கத்தரீனாவின் காலை அப்படி யாரும் சொன்னதில்லை. கேலி செய்கிறாளோ என்று அவள் லில்லியானைப் பார்த்தாள். கேலியில்லை. முன்பக்கம் விசிறி, பின்பக்கம் ஒடுக்கம், அதுதான் உங்கள் சங்கதி என்று தொனத்தெல்லா விளக்கினாள். முழுவதும் அகலமான சப்பாத்து உங்களுக்குச் சரிவராது, குதி ஆடும். ஒரு இலக்கம் கூட்டினாலும் சரிவராது, முன்னால் வெறும் இடம்தான் கிடைக்கும். விரல் பக்கம் விரிந்து, குதியைப் பிடித்துக்கொள்கிற வடிவம் வேண்டும்.

பிறகு ஒவ்வொரு சப்பாத்தாக எடுத்து, உள்ளே கிடக்கும் மெத்தை அட்டையை வெளியே இழுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் கத்தரீனாவை நிற்கச் சொன்னாள். முதலாவது அட்டைக்கு வெளியே சின்னி விரலும் காலின் ஓரமும் வழிந்து நின்றன. அதைப் போட்டுப் பார்க்கவே விடவில்லை. இரண்டாவது பெண்களுக்கானது, நீலம், பார்க்க வடிவாக இருந்தது; கத்தரீனாவுக்கு ஆசை. ஆனால் அட்டைக்கு வெளியே கால் ஒரு மயிரிழை வழிந்தது. அது பழகப் பழக விரிந்துவிடாதா என்று கேட்டாள். சப்பாத்து விரியுமுன் நகம் போய்விடும் என்று அதையும் எடுத்து வைத்துவிட்டாள் கடைக்காரி. மூன்றாவதில் ஐந்து விரல்களும் அட்டைக்குள் வசதியாகக் கிடந்தன. அடிப்புறத்தில் ஆழமான பற்கள் இருந்தன. ஆனால் அது ஆண்களுக்கானது. நிறமோ, செம்மஞ்சளும் கிளிப்பச்சையும் சண்டை போடுகிற நிறம்.

தொனத்தெல்லா லேஸை மேலேயிருந்த கடைசித் துளையால் வளையம்போல விட்டுக் குறுக்கே இழுத்துக் கட்டினாள். குதி அப்படியே பிடிபட்டது. கடையின் பின்னால் பலகையால் செய்த ஒரு சரிவு இருந்தது. அதில் ஏறி வேகமாக இறங்கி நிற்கச் சொன்னாள். கத்தரீனா இறங்கினாள். விரல்கள் எதிலும் மோதவில்லை. நம்பிக்கையில்லாமல் மறுபடி இறங்கினாள். பிறகு யாரும் சொல்லாமலே கதவைத் திறந்துகொண்டு நடைபாதையில் இறங்கி, கடைவரிசையின் முனைவரை ஓடிப்போய்த் திரும்பி ஓடிவந்தாள். லில்லியான் வாசலில் நின்று கைதட்டினாள்.

கிறிகோரி வீட்டில் சப்பாத்தின் நிறத்தைக் கண்டு, இதைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தால் கப்பல்காரன் வெளிச்சவீடென்று நினைத்துக் கரையேறிவிடுவான் என்றார். மொனிகாவோ படமெடுத்துத் தன் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை என்பதால் கத்தரீனா சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய்விட்டாள். அங்கே ஸ்ரனிஸ்லாஸ் அண்ணைதான் அவளைப் பிடித்துக்கொண்டார். கோயில் சபையில் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கிற மனுசன். கலியாணம் முடித்த பெண்கள் வெள்ளைக்காரரோடு காட்டில் ஓடுவது நன்றாகவா இருக்கிறது என்று கேட்டார். சாந்தா ரொசாலியாவும் தனியாகத்தானே காட்டுக்குள் போனவ என்று அவள் பணிவாகச் சொன்னாள். 

அன்றிரவு மழை பெய்திருந்தது. பூங்காவிலிருந்து ஓட்டம் புறப்பட்டபோது மரங்களெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. ஏற்றத்தில் கத்தரீனாவை ஒருவர் பின் ஒருவராகப் பலர் முந்திப் போனார்கள். லில்லியான் மெலிந்த உடம்புக்காரி, சீக்கிரமே கண்ணில் மறைந்துவிட்டாள். கத்தரீனா அவசரப்படாமல், முழங்காலில் கையூன்றி ஏறினாள். நெஞ்சு அடித்தது. ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று ஒரு வளைவிலும், பரவாயில்லை என்று அடுத்த வளைவிலும் நினைத்தாள்.

பாதை குகைக்கோயில் வாசலால் போனது. அங்கே காலைப் பூசைக்கு ஏறிவந்த தமிழ்ச் சனம் கூடியிருந்தது. யாரோ முதலில் சப்பாத்தைத்தான் கண்டார்கள். பிறகு அதற்கு மேலே ஆளைக் கண்டார்கள். “கத்தரீனா அக்கா ஓடுறா” என்று ஒரு குரல் எழுந்ததும் படிக்கட்டு முழுக்கச் சனம் திரும்பியது. பாடகர் குழுவிலிருந்த அமலினி கையிலிருந்த பாட்டுத்தாளை வீசி ஆட்டினாள். பூசைக்கு வைத்திருந்த மணியை எவரோ எடுத்து அடித்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை முன்னே வந்தார். அவருடைய கையில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர்ப் போத்தல்.

“குடி பிள்ளை. நிண்டு குடி. உனக்குப் பின்னாலை இன்னும் கனபேர் வருகினம், நான் எட்டிப் பார்த்தனான்” என்றார்.

அவள் குடித்துவிட்டுப் போத்தலைக் கொடுக்க, அவர் கூடவே ஐம்பது மீற்றர்வரை செருப்புக்காலோடு ஓடிவந்து வழியனுப்பினார்.

பன்றிப் பள்ளத்தின் மேல்விளிம்புக்கு வந்ததும் கத்தரீனாவின் கால்கள் தாமாக நின்றன. கீழே பாதை ஈரக் கல்லும் செம்மண்ணுமாகக் கிடந்தது. முன்னால் போன ஒரு நெட்டையான மனிதர் கிளையைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பழைய காயம் ஞாபகம் வந்து முழங்கால் கூசியது. குனிந்து லேஸைப் பார்த்தாள். கடைக்காரி காட்டியபடியே இருந்தது. ஒரு காலை வைத்தாள். சப்பாத்தின் பற்கள் கடித்துப் பிடித்தன. மற்றக் காலை வைத்தாள். உள்ளே விரல்கள் விசிறியாக விரிந்து அழுத்தின, எதிலும் இடிக்கவில்லை. மூன்றாவது, நான்காவது அடியில் பயம் போன இடம் தெரியவில்லை. ஐப்பசியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய அதே ஓட்டம் உடம்புக்குத் திரும்பி வந்துவிட்டது. நெட்டை மனிதரிடம் பெர்மெஸ்ஸோ என்று வழி கேட்டு முந்தினாள். இரண்டு இளம்பெண்களை முந்தினாள். ஏற்றத்தில் தன்னைக் கடந்துபோன நரைத்தாடிக்காரர் ஒருவரையும் கண்டாள், முந்தினாள். பாதியில், மரத்தைப் பிடித்தபடி பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்த லில்லியான் திரும்பிப் பார்த்தாள். நிற்கட்டுமா என்று கத்தரீனா கேட்க வாயெடுக்குமுன்பே, லில்லியான் தனக்குத் தெரிந்த தமிழை முழுவதும் செலவழித்துவிட்டாள்: “போ, போ, போ.”

முடிவுக்கோட்டில் மொனிகா அழுதுகொண்டும் படமெடுத்துக்கொண்டும் நின்றாள். கத்தரீனா தன் வயதுப் பெண்களில் இரண்டாவதாக வந்திருந்தாள். பரிசு, சியாகுல்லித் தோட்டத்து மந்தரீனோ ஒரு பெட்டி. அந்தத் தோடம்பழங்களின் வாசனை, பஸ்ஸில் அவர்களோடு வந்த எல்லோரையும் பசிக்க வைத்தது. கத்தரீனா கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்தபோது தொடையிரண்டும் மரக்கட்டை. மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க முடிந்தது. ஆனால் பத்து விரல்களிலும் நகங்கள் பத்திரமாக இருந்தன. சிஞ்ஞோரா காப்பிக்கடை மேசையில் வைத்து முழுக்கதையும் கேட்டார், முதலாவதாக வந்தவளுக்கு எத்தனை வயது என்று விசாரித்தார். ஒரு வயது இளமையானவள் என்று தெரிந்ததும், அப்படியென்றால் அது கணக்கில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த வாரம் கிறிகோரி சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்று கத்தரீனா அதை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். வாசலில் அவளுக்கு அறிமுகமே இல்லாத, பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிற ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றினார். மலை முழுவதிலும் ஆண்களையும் சேர்த்து முதலாவதாக வந்த சிஞ்ஞோரா நீங்கள்தானே என்று கேட்டார். கிறிகோரி திங்கட்கிழமையே மந்தரீனோவில் பாதியைக் கொண்டுவந்து பங்கிட்டு, கதையையும் கூடவே பங்கிட்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. திருத்தத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கப்பலடியிலிருந்து கிறிகோரி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டியபடி, வேலை செய்கிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. கத்தரீனா வண்டிக்காரருக்கு ஓம் என்று தலையாட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவர்களை நோக்கி நடந்தாள்.